மூணு ஓட்டு மேடம்

டப்பாவை மேசையின் நடுவில் வைத்துவிட்டு, மூடியைத் திறக்காமல், பிரிசில்லா மேடம் முதலில் சேலைத் தலைப்பால் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். அதற்குள் கூட்டத்துக்கு வந்திருக்கும் மற்றப் பதினான்கு உடற்கல்வி இயக்குநர்களும் பேச்சை நிறுத்திவிட்டு டப்பாவையே பார்ப்பார்கள். உள்ளே இருப்பது என்னவோ பலாச்சுளைதான். சீசன் முடிந்துவிட்டதென்றால் உப்பும் மிளகும் போட்டு வறுத்த முந்திரி. மூடி திறந்ததும் டப்பா எந்தப் பக்கம் முதலில் நகர்கிறது என்பதில்தான் விஷயம். கடலூர்க்காரர்கள் பக்கம் போனால் அந்த வருடம் மண்டலச் செயலாளர் பதவி கடலூருக்கு. சிதம்பரத்துக்காரர்கள் பக்கம் போனால் சிதம்பரத்துக்கு. ஓட்டெடுப்பு அதற்கப்புறம் பேருக்கு நடக்கும்.

கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். பக்கத்துல யாரு உக்காந்துருக்காங்களோ அவுங்களுக்கு மொதல்ல குடுக்குறேன்" என்பார். யார் பக்கத்தில் போய் உட்காருவது என்பதை முந்தின வாரமே முடிவு செய்திருப்பார்.

மண்டலம் என்பது கடலூர், சிதம்பரம் வட்டாரத்துப் பதினைந்து கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் விளையாட்டுக் கூட்டமைப்பு. கடலூரில் கெடிலம் கல்லூரி பெரியது. அதன் பின்னால் ஐந்து கல்லூரிகள். சிதம்பரத்தில் வெள்ளாற்றுக் கல்லூரி பெரியது. அதன் பின்னாலும் ஐந்து. ஆறுக்கு ஆறு. மிச்சம் மூன்று குட்டிக் கல்லூரிகள்: காடாம்புலியூரில் மேடம் வேலை பார்க்கும் பெண்கள் கல்லூரி, குறிஞ்சிப்பாடியில் ஒன்று, புவனகிரியில் ஒன்று. இந்த மூன்றும் எப்போதும் சேர்ந்தே கை தூக்கும். எந்தப் பக்கம் தூக்குவது என்று சொல்கிறவர் மேடம். அதனால் மண்டலத்தில் அவருக்கு 'மூணு ஓட்டு மேடம்' என்று பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

நான் வெள்ளாற்றுக் கல்லூரியில் தமிழ் வாத்தியார். எனக்கு ஓடவும் தெரியாது, பந்து பிடிக்கவும் தெரியாது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காக எட்டு வருடமாக மண்டலக் கூட்டத்தில் தீர்மானம் எழுத உட்காரவைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு வருடம் எரிச்சலாக இருந்தது. பிறகு மேடத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். இப்போது கூட்டத் தேதி எப்போது வரும் என்று காத்திருக்கும் ஆளாகிவிட்டேன்.

ஐம்பத்து மூன்று வயது. குள்ளம். காட்டன் சேலைக்குக் கீழே வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ. கைப்பையில் ஒரு விசில், ஒரு முப்பது மீட்டர் டேப், வலி நிவாரணி ஸ்பிரே, ஒரு சின்ன பைபிள். பண்ருட்டி – வடலூர் பஸ்ஸில் ஏறினால் இடம் இருந்தாலும் உட்கார மாட்டார். கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டு போவார். "பேலன்ஸுக்கு நல்லது சார்." கண்டக்டர்கள் சொல்லிப் பார்த்து அலுத்து விட்டுவிட்டார்கள்.

அவர் கல்லூரியில் மொத்தம் நானூற்றுச் சொச்சம் பெண்கள். மைதானம் என்று சொல்லிக்கொள்ள இருப்பது முந்திரி மரங்களுக்கு நடுவே ஒரு செம்மண் திட்டு. தினமும் காலையில் சருகைப் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் கபடி ஆட முடியும். இப்போதெல்லாம் போட்டிகள் மண்ணில் நடப்பதில்லை, ரப்பர் விரிப்பில் நடக்கின்றன. மேட் என்பார்கள். மண்டலத்தில் மேட் வைத்திருப்பவை கெடிலமும் வெள்ளாறும்தான். பஸ் வைத்திருப்பவையும் அவைதான். மேடத்திடம் இருப்பது மூன்று ஓட்டு.

அந்த மூன்று ஓட்டை வைத்துக்கொண்டு அவர் பதினைந்து வருடமாக ஆடிய ஆட்டத்தை நான் ரசித்திருக்கிறேன். கெடிலத்தின் உடற்கல்வி இயக்குநர் ஞானசேகரனுக்குப் போன் செய்வார். "ராமாமிர்தம் சார் பஸ் தரேன்னுட்டாரு சார். நீங்க சனிக்கெழம மேட் மட்டும் குடுத்தா போதும்." உடனே வெள்ளாற்றின் ராமாமிர்தத்துக்குப் போன் போகும். "ஞானசேகரன் சார் மேட் தரேன்னுட்டாரு சார். பஸ்தான் இல்ல." இரண்டு பேரும் அப்போதுவரை எதுவும் தந்திருக்க மாட்டார்கள். ஒருவர் தந்துவிட்டார் என்றால் மற்றவருக்குப் பொறுக்காது. சனிக்கிழமை காலை வெள்ளாற்றுப் பஸ்ஸில் ஏறி, கெடிலத்து ரப்பர் மேட்டில் இறங்கி, காடாம்புலியூர்ப் பெண்கள் பயிற்சி எடுப்பார்கள்.

இந்தப் போன்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு நடந்து வரும் வழியிலேயே தொடங்கிவிடும். முதலில் சர்க்கரை அளவு, மாமியார் உடம்பு, மாடி வீட்டு வேலை எவ்வளவில் இருக்கிறது என்று எல்லாம் விசாரிப்பார். விஷயம் கடைசி அரை நிமிடத்தில் வரும். அவர் கணவர் தேவசகாயம் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். ஒரு தடவை என்னிடம் சொன்னார்: "அவுங்க ரெண்டு பேருக்கும் சண்டன்னாதான் சார் எங்க வூட்ல நிம்மதி."

சண்டைக்குக் குறைவே இருந்ததில்லை. ஞானசேகரன் உயரமானவர், சட்டென்று சூடாகிவிடுவார். ராமாமிர்தம் சிரித்துக்கொண்டே குத்துவார். இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் இருவரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், கெடிலமும் வெள்ளாறும் மோதினால் விசில் ஊதுவது பிரிசில்லா மேடம்தான் என்பது.

அது வந்த கதை சுவாரசியமானது. பதினோரு வருடத்துக்கு முன் ஆண்கள் கபடி இறுதி ஆட்டத்துக்கு நடுவராக வரவேண்டியவர் வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த மேடத்தைக் கூப்பிட்டார்கள். "பொம்பளையா ஊதப்போவுது" என்று இரண்டு பக்கத்துப் பையன்களும் முணுமுணுத்தார்கள். மேடம் டேப்பை எடுத்து முதலில் களத்தை அளந்தார். ஒரு பக்கம் நாலு விரற்கடை குறைந்தது. சுண்ணாம்புத் தூள் கொண்டுவரச் சொல்லி, கோட்டைத் திரும்பப் போடவைத்தார். முக்கால் மணி நேரம் தாமதம். கடைசி ரெய்டில், பாடிப் போன கெடிலத்துப் பையன் திரும்பிக் கோட்டைத் தொட்டானா இல்லையா என்பதில் கோப்பை தொங்கியது. மேடம் சேலையோடு மண்ணில் மண்டியிட்டு விரல் தடத்தைப் பார்த்தார். தொடவில்லை என்றார். கெடிலத்துப் பையன்கள் நாற்காலிகளை உடைத்தார்கள். மறு வருடம் அதே மாதிரி ஒரு கட்டத்தில் வெள்ளாற்றுக்கு எதிராகச் சொன்னார். இவர்களும் தங்கள் பங்குக்கு உடைத்தார்கள்.

"ரெண்டு பேரும் என்னத் திட்டுனாங்க சார். அப்புறம் ரெண்டு பேரும் என்னத்தான் கூப்டாங்க" என்பார் மேடம். இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் பெருமை தெரியும்.

இவ்வளவு கவனமான மனுஷி ஒரு தப்புச் செய்தார். ஞானசேகரனின் மகள் சுவேதாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராமாமிர்தத்தின் மகன் சித்தார்த்துக்கும் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கரையையும் மாமியாரையும் விசாரிக்கிறவருக்கு இரண்டு வீட்டுச் சங்கதியும் தெரியும். இரண்டு பேரும் நம்புகிற ஆள் இவர் ஒருவர்தான். விசிலுக்கும் பைபிளுக்கும் நடுவே சுவேதாவின் ஜாதகத்தை வைத்து எடுத்துக்கொண்டுபோய் ராமாமிர்தம் வீட்டில் கொடுத்தார். "நல்ல மனுசன் சார். கிரவுண்டுலதான் அப்பிடி" என்று இரண்டு பக்கமும் அதே வார்த்தையைச் சொன்னார். ஒன்பது பொருத்தம் இருந்தது.

வைகாசியில் சிதம்பரத்தில் கல்யாணம். மேடம் முன்வரிசையில் பட்டுச் சேலையும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக உட்கார்ந்திருந்தார். சம்பந்திகள் இருவரும் தோள்மேல் கை போட்டுப் போட்டோவுக்கு நின்றார்கள். "அந்த போட்டோ எடுக்கும்போதே தப்புப் பண்ணிட்டேன்னு தெரிஞ்சிடுச்சு சார்" என்று பின்னால் என்னிடம் சொன்னார். "எனக்கு ரெண்டு பேரும் வேணும். ஆனா ரெண்டு பேரும் ஒண்ணா வேணாம். அத யோசிக்காம வுட்டுட்டேன்."

ஜூலைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு தீர்மானத்தின் நகல் எல்லாக் கல்லூரிகளுக்கும் போயிற்று. ஐந்நூறு பேருக்குக் குறைவான கல்லூரிகள் இனி இரண்டாம் பிரிவு. மற்ற பன்னிரண்டும் முதல் பிரிவு. பல்கலைக்கழக அணிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்பது முதல் பிரிவிலிருந்து மட்டும். முன்மொழிபவர் ஞானசேகரன், வழிமொழிபவர் ராமாமிர்தம். எங்கேயோ வேறு மண்டலத்தில் ஆங்கிலத்தில் எழுதிவைத்திருந்ததை வாங்கிவந்து என்னிடம் கொடுத்தார்கள். தமிழில் எழுதிக் கொடுத்தது நான்தான். சம்பளம் கொடுக்கிற கல்லூரி சொன்னால் எழுதத்தானே வேண்டும்? ஆனாலும் அதை எழுதிய அன்று எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை.

ஞானசேகரன் சொன்ன காரணத்திலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. "சின்னக் காலேஜுங்க வந்து நாப்பது பாயிண்ட்ல தோத்துட்டுப் போவுது. எல்லாருக்கும் நாள் வேஸ்ட்டு." புவனகிரிக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் அது பொருந்தும். காடாம்புலியூருக்குப் பொருந்தாது. போன வருடம் பெண்கள் கபடியில் மேடத்தின் பிள்ளைகள் கெடிலத்தை இரண்டு புள்ளியில் தோற்கடித்திருந்தார்கள். அந்த இரண்டு புள்ளியையும் எடுத்தவள் கயல்விழி.

கயல்விழி மூன்றாம் வருடம் வணிகவியல் படிக்கிறாள். அம்மா முந்திரி உடைக்கிற வேலைக்குப் போகிறவர். கொட்டையின் ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டு விரல்களெல்லாம் கறுத்துப்போயிருக்கும். பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸுக்கும் ரயில்வேக்கும் மனுப் போட முடியும். போன வருடம் கணுக்கால் பிசகி அணித் தேர்வுக்கு வரமுடியவில்லை. இந்த வருடம்தான் கடைசி. தீர்மானம் நிறைவேறினால் அவள் தேர்வுக் களத்துக்குள் கால் வைக்கவே முடியாது. மூன்று ஓட்டு பன்னிரண்டு ஓட்டை என்ன செய்ய முடியும்?

அந்த வாரம் மேடத்திடமிருந்து எந்த இயக்குநருக்கும் போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட வரவில்லை. "மேடத்துக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று ராமாமிர்தம் என்னிடம் இரண்டு தடவை விசாரித்தார்.

கூட்டம் எங்கள் கல்லூரியில். மேடம் வந்தார். வழக்கமாக ஏதாவது ஒரு பக்கம் போய் உட்காருகிறவர் அன்றைக்கு மேசையின் கோடியில், என் எதிரில் உட்கார்ந்தார். டப்பாவை வைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். டப்பாவைத் திறக்கவில்லை. நான் தீர்மானத்தை வாசித்து முடித்ததும் கை தூக்கினார்.

"நல்ல தீர்மானந்தான் சார். அந்த ஏழாவத மட்டும் இன்னொரு தடவ படிங்க."

படித்தேன். "ஒவ்வொரு பிரிவின் ஆட்டங்களுக்கும் அந்தந்தப் பிரிவுக் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்களே நடுவர்களாக இருப்பார்கள்." எழுதும்போது எனக்கு இதில் ஒன்றும் உறைக்கவில்லை. அலைச்சலைக் குறைக்கச் சேர்த்தது என்று நினைத்திருந்தேன்.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் மேடம். "கெடிலமும் வெள்ளாறும் ஃபைனல் வந்தா யாரு சார் விசில் ஊதுறது? நான் ரெண்டாம் பிரிவு. நான் வர முடியாது."

ராமாமிர்தம் சிரித்தார். "அதான் பன்னெண்டு பேரு இருக்கோமே மேடம்."

"பன்னெண்டு பேருல யாரு? பேரு சொல்லுங்க."

"நம்ம கார்த்திகேசன் ஊதட்டுமே."

கார்த்திகேசன் சிதம்பரம் பக்கத்து ஆள். ஞானசேகரன் நாற்காலியில் நிமிர்ந்தார். "கார்த்திகேசன் உங்க ஆளாச்சே சம்பந்தி. வேணும்னா எங்க செம்பியன் ஊதட்டும்."

"செம்பியன் கண்ணுக்கு உங்க காலேஜ் பனியன் மட்டுந்தான் தெரியும் சம்பந்தி" என்றார் ராமாமிர்தம், சிரிப்பு மாறாமல்.

அடுத்த பத்து நிமிடத்தில் பன்னிரண்டு பேரின் பேரும் வந்து விழுந்து அடிபட்டுப் போயிற்று. கைப்பந்தில் யார் யாருக்குக் கோடு தவறிச் சொன்னார்கள், ஓட்டத்தில் எந்தக் கடிகாரம் மெதுவாக ஓடியது என்று எட்டு வருடத்து நோட்டில் நான் எழுதாமல் விட்டதெல்லாம் வெளியே வந்தது. நான் 'சம்பந்தி' என்ற வார்த்தையை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது நிமிடத்தில் அது 'சார்' ஆயிற்று. பத்தாவது நிமிடத்தில் வெறும் 'நீங்க' ஆகிவிட்டது. யாரோ விழுப்புரத்திலிருந்து நடுவரைக் கூப்பிடலாம் என்றார்கள். விழுப்புரத்துக்காரர் யாருக்குச் சிநேகிதர் என்பதில் இன்னொரு சுற்றுச் சண்டை.

மேடம் எல்லாம் அடங்கும்வரை காத்திருந்தார். "நீங்க ரெண்டு பேருமே மாத்தி மாத்தி ஊதுங்க சார். ஆனா ஒண்ணு. மத்தியானம் நீங்க அவரு பசங்களுக்கு ரெட் கார்டு காட்டுனா, சாயந்தரம் சுவேதா அந்த வூட்ல எந்த மூஞ்சியோட காபி போட்டுக் குடுக்கும்?"

ஞானசேகரன் தீர்மான நகலைத் தன் பக்கம் இழுத்தார். "சரி மேடம். உங்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு எழுதிடலாம். காலேஜ் எந்தப் பிரிவுல இருந்தாலும் நீங்க வந்து ஊதலாம்னு."

எல்லாத் தலையும் ஆடியது. எனக்கே நல்ல வழியாகப் பட்டது. பேனாவை எடுத்தேன்.

"எழுதாதீங்க சார்" என்றார் மேடம். குரல் உயரவில்லை. "எம் பொண்ணுங்க வெளிய நிக்கணும். நான் மட்டும் உள்ள வந்து உங்களுக்கு விசில் ஊதணும். அப்பிடித்தானே?" டப்பா மூடியை இன்னும் அழுத்தி மூடினார். "வர மாட்டேன் சார். இந்த வருசம் மட்டும் இல்ல. எப்பவும் வர மாட்டேன்."

ராமாமிர்தம் சிரிப்பதை நிறுத்தியது அப்போதுதான். அவர் ஞானசேகரனைப் பார்த்தார், ஞானசேகரன் சன்னலைப் பார்த்தார். தீர்மானம் மேலும் ஆராய்வதற்காக அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக எப்போதும் வந்ததில்லை.

பஸ் ஸ்டாண்ட் வரை மேடத்தோடு போனேன். வடலூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது டப்பாவை என் கையில் திணித்தார். "நீங்க சாப்புடுங்க சார். திருப்பி எடுத்துனு போனா அவரு இன்னா ஏதுன்னு கேப்பாரு." பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே, "சண்ட மூட்டி வுட்டுட்டேன்ல?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "சுவேதாகிட்ட நேத்தே போன்ல சொல்லிட்டேன். நாளைக்கு உங்கப்பாவுக்கும் மாமனாருக்கும் என்னால முட்டிக்கும், மனசுல வச்சுக்காதம்மான்னு. அது சிரிக்குது சார். எவ்ளோ நாளைக்கு ஆண்ட்டி ரெண்டு பேரும் நடிப்பாங்கன்னுது."

ஆனால் கணக்கு அத்தோடு தீரவில்லை. அடுத்த சனிக்கிழமை கெடிலத்தில் மேட் கிழிந்திருக்கிறது, தைக்கக் கொடுத்திருக்கிறோம் என்றார்கள். எங்கள் கல்லூரி பஸ்ஸுக்கு டிரைவர் லீவு. அதற்கடுத்த இரண்டு சனிக்கிழமையும் தையல் முடியவில்லை, டிரைவரும் வரவில்லை. மேடத்தின் பிள்ளைகள் மூன்று வாரமும் செம்மண்ணிலேயே ஆடினார்கள். மண்ணில் பழகிய காலுக்கு மேட்டில் திரும்புவது கஷ்டம் என்பது எனக்கே தெரியும். மேடத்திடம் கேட்டேன். "பரவால்ல சார்" என்றார். அவர் அப்படி ஒரு வார்த்தையில் நிறுத்தினால் எனக்குப் பயமாக இருக்கும்.

ஆகஸ்ட் முதல் வாரம் தேர்வு நாள். எங்கள் கல்லூரி உள்ளரங்கில். கபடிக்கு மண்டலத்திலிருந்து நான்கு பெண்கள். வந்திருந்தவர்கள் இருபத்தெட்டுப் பேர். தேர்வாளர்கள் மூன்று பேர்: ஞானசேகரன், ராமாமிர்தம், பிரிசில்லா மேடம். ஒவ்வொருவரும் பத்துக்கு மார்க் போடவேண்டும். மண்டலத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. தன் கல்லூரிப் பிள்ளை களத்தில் இறங்கினால், அந்தத் தேர்வாளர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் களத்துக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். மார்க் போடக்கூடாது, பேசக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. மற்ற இரண்டு பேர் போடுவதுதான் மார்க்.

காலையிலிருந்து அப்படியே நடந்தது. ஞானசேகரன் இரண்டு தடவை முதுகு காட்டினார். ராமாமிர்தம் மூன்று தடவை. மேடம் கெடிலத்துப் பெண் ஒருத்திக்கு ஒன்பது போட்டதை நான் பார்த்தேன். அந்தப் பெண் எட்டரைக்கு மேல் போகமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. பிறகு அவள் ஆட்டத்தை நினைத்துப் பார்த்தேன், ஒன்பதுதான். கயல்விழி கடைசிப் பெண். அவள் பேரைக் கூப்பிட்டதும் மேடம் எழுந்து, நாற்காலியைத் திருப்பினார். மார்க் பதிகிற என் மேசை தேர்வாளர்களுக்குப் பின்னால் இருந்தது. இப்போது அவர் என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மூன்று வாரம் மேட் தராத இரண்டு பேர் கையில் பெண்ணை விட்டுவிட்டு.

ஆளுக்கு மூன்று ரெய்டு. முதல் ரெய்டில் திரும்பும்போது கயல்விழியின் கால் மேட்டில் வழுக்கியது. பிடித்து அமுக்கிவிட்டார்கள். விழுந்த சத்தம் மேடத்துக்குக் கேட்டது. அவர் கண் என் முகத்துக்கு வந்தது. நான் முகத்தை எந்த மாதிரி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தேன். இரண்டாவது ரெய்டில் ஒருத்தியையும் தொடாமல் வந்தாள்.

மூன்றாவதற்குப் போகுமுன் கயல்விழி குனிந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வெறுங்காலோடு கோட்டைத் தாண்டிப் பாடத் தொடங்கினாள். இங்கே மேடத்தின் உதடு அசைய ஆரம்பித்தது. சத்தமில்லாமல், மூச்சு விடாமல், கபடி, கபடி என்று அவரும் பாடிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கயல்விழி இடது மூலையில் ஒருத்தியைத் தொட்டாள், சுழன்று இன்னொருத்தியைத் தொட்டாள், நான்கு பேர் இடுப்பைப் பிடிக்க வந்தபோது அவர்களுக்குக் கீழே புகுந்து நீண்டு விழுந்தாள். விசில் அடித்தது. அவள் விரல்கள் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சாண் இருந்தன. மேடம் அப்போதுதான் மூச்சை விட்டார். கோட்டைத் தொட்டாளா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது.

இரண்டு சம்பந்திகளும் எழுதினார்கள். ஞானசேகரன் தாளை ராமாமிர்தம் பக்கம் தள்ளினார். ராமாமிர்தம் பார்த்துவிட்டுத் தன் தாளை அவர் பக்கம் தள்ளினார். பிறகு ராமாமிர்தம் இரண்டையும் சேர்த்து என்னிடம் நீட்டினார். இரண்டிலும் ஒன்பது. எட்டு வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே மார்க் போட்டு நான் பதிந்தது அதுதான் முதல் தடவை. சராசரி போட்டுப் பார்த்தேன். மூன்றாம் இடம். பட்டியலை எழுதி ஞானசேகரனிடம் கொடுத்தேன்.

"ஒங்க பொண்ணு மூணாவது மேடம்" என்றார் ஞானசேகரன். "நீங்க திரும்பலாம்."

மேடம் திரும்பவில்லை. எனக்கு மட்டும் அவர் முகம் தெரிந்தது. நான் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அப்படியே முதுகைக் காட்டியபடி, பட்டியலை வாங்குவதற்காகக் கையை மட்டும் பின்னால் நீட்டினார்.